முதலீட்டிலிருந்து விலகியவர்

பொற்செண்பகக் குடியிருப்பில் யாரும் சாவதில்லை. அந்த வழக்கத்தை இயக்குநர் பாசோ பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஒழித்துவிட்டார்.

போகோர் போகும் பழைய சாலையோரம், வயலைத் தூர்த்து, யானை எட்டிப் பார்க்க முடியாத மதிலைச் சுற்றிலும் எழுப்பி, ஜகார்த்தாக்காரர்களுக்கு விற்ற வீடுகள் அவை. வாங்கியவர்களில் பாதிப் பேர் குடிவரவே இல்லை. பூட்டிய வீடு தூங்கிக்கொண்டே சம்பாதிக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்லியிருந்தார்கள். அதன் தூக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பாசோ தூரத்து மக்காசாரிலிருந்து வந்தவர். விமான நிலையத்திலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் நேரே அலுவலகத்தில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி இறங்கி யாரும் பார்த்ததில்லை. வந்த அன்றே எல்லாரையும் விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப் பேசினார்.

"இங்க குடியிருக்கிறவங்கன்னு யாரும் கிடையாது. எல்லாரும் முதலீட்டாளர்கள். குடியிருக்கிறவனுக்குக் குறை இருக்கும். முதலீட்டாளனுக்கு நம்பிக்கை மட்டும்தான் இருக்கும். ஒரு இடத்தோட விலையை எது குறைக்குது, சொல்லுங்க பார்ப்போம்? வெள்ளமா? விரிசலா? இல்லவே இல்லை. அதைப் பத்திப் பேசுற வாய்தான் குறைக்குது."

ஆகவே நான்கு சொற்கள் விலக்கப்பட்டன. வெள்ளம் இனிமேல் 'நீர்க்காட்சி'. சுவரில் விரிசல் 'கட்டடத்தின் புன்னகை'. கொசு 'சிற்றுயிர் வளம்'. சாவு 'முதலீட்டிலிருந்து விலகுதல்'. பழைய சொல்லை இயக்குநரின் காதுபட யார் சொன்னாலும், துணை இயக்குநர் குனார்சோ கையிலிருக்கும் பித்தளை மணியை அடிப்பார். சொன்னவர் எழுந்து நின்று கைதட்டி, "வளர்ச்சி! வளர்ச்சி! வளர்ச்சி!" என்று கூவ வேண்டும். குனார்சோ பொறியியல் படித்தவர். அந்த மணியைக் கழிப்பறைக்கும் கொண்டுபோகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

ரோக்காயாவின் கணவர் சுஹார்ஜா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தை அப்படியே கொண்டுவந்து இந்த மூலை வீட்டில் போட்டவர். அவர்கள் தெருவில் விளக்கு எரிந்த வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளின் வாசலில் வீட்டுக்கொரு பெரிய மண்சாடியை நிர்வாகம் அழகுக்காக வைத்திருந்தது. பூட்டிய வீட்டையும் குடியிருக்கும் வீடுபோலக் காட்டுவதற்காம். சாடியில் மழைத் தண்ணீர் நிறைந்து, தெளிந்து, நெளியத் தொடங்கியது.

சுஹார்ஜா கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

"பாக்," என்று மரியாதையாகத் தொடங்கினார். "பாருங்க, எவ்வளவு புழு நெளியுதுன்னு. புகை மருந்து அடிக்கச் சொல்லணும். இல்லேன்னா இந்தக் கொசு..."

மணி அடித்தது. சுஹார்ஜா எழுந்து கைதட்டி, வளர்ச்சி என்று கூவிவிட்டு உட்கார்ந்தார்.

பாசோ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்ன சுறுசுறுப்பு! சுத்தமான தண்ணியிலதான் இதெல்லாம் வாழும், தெரியுமா? நம்ம தண்ணிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேணுமா?"

"இதுங்க பெரிசானா கடிக்கும், பாக்."

"புகை அடிச்சா வெளியில இருக்கிறவன் என்ன நினைப்பான்? உள்ள என்னமோ பிரச்சினைன்னு நினைப்பான்."

"பிரச்சினைதானே பாக்? அடிச்சா அதெல்லாம் செத்துப்போயிடும்."

மணி மறுபடியும் அடித்தது.

வீட்டுக்கு வந்து சுஹார்ஜா இதை நடித்தே காட்டினார். ஒரு கரண்டியை மணியாகவும் சோற்றுத் தட்டை இயக்குநராகவும் வைத்துக்கொண்டு. ரோக்காயா சிரித்துச் சிரித்துப் புரையேறி, "போதும் காங், நிறுத்துங்க" என்று அவர் தோளில் அடித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. எலும்பெல்லாம் நொறுங்குகிறது என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் புகை அடிக்கவில்லையா என்று கேட்டார்கள். சனிக்கிழமை காலை அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அழுகைக்கு முன்னால் மஞ்சள் கொடி வரும். கைக்குட்டை அளவு மஞ்சள் துணி, ஒரு மூங்கில் குச்சி, அவ்வளவுதான். பெருஞ்சாலைத் திருப்பத்திலும் தெருமுனையிலும் கட்டிவிட்டால் போதும். போகிறவன் வண்டியை நிறுத்தி, யார் என்று கேட்டு உள்ளே வருவான். தெரிந்தவன் மய்யித்தைக் குளிப்பாட்டுவான், தெரியாதவன் சந்தூக் பெட்டியைத் தூக்கத் தோள் கொடுப்பான், பெண்கள் பேசின் பாத்திரத்தில் அரிசி கொண்டுவருவார்கள். எந்த வீட்டுக்காகக் கட்டினார்களோ, அந்த வீட்டார் சொன்ன பிறகுதான் கொடியைக் கழற்றுவார்கள்.

மதிலுக்கு வெளியே தேங்காய்ப்பால் சோறு விற்கும் மிமின் தகவல் கேட்டதும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கொடிகளைக் கட்டியவள் அவள்தான்.

அன்றைக்குக் குடியிருப்பில் 'வீடு காணும் விழா'. வாசலில் பலூன் வளைவு. பாசோவின் கார் உள்ளே நுழையும்போது கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "அது என்ன, அந்த மூலையில கந்தல்?"

முன் இருக்கையில் குனார்சோ மடியில் மணியோடு உட்கார்ந்திருந்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு இருந்த ஒரே சொல்லைச் சொன்னால் அவரே அவருக்கு மணி அடித்துக்கொள்ள வேண்டும்.

"எடுத்துடச் சொல்றேன், பாக்," என்றார்.

காவலாளி ஜுமாதி எடுத்தான். ஊர்ப்பள்ளிவாசலில் ரோக்காயாவின் பக்கத்து வரிசையில் தொழும் பெண்ணின் மகன்தான். எடுக்கும்போது, ரோக்காயாவிடம் சொல்வதுபோல, "மன்னிச்சிடுங்க இபு" என்று கொடியிடம் சொன்னானாம். கொடி இல்லாததால் ஊர் வரவில்லை. பலூன் வளைவு கசங்கிவிடும் என்று சந்தூக்கை முன்வாசல் வழியாக விடவில்லை. குப்பை வண்டி போகும் பின்வாசல் வழியாக இரண்டு தோட்டக்காரர்களும் ஆஸ்பத்திரி ஓட்டுநரும் ஜுமாதியும் சுஹார்ஜாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் ரோக்காயாவும் மிமினும்.

"தபால்காரர் மனுஷன்," என்றாள் மிமின். "ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோய்ச் சேர்த்தவரு. அவரோட சேதியைக் கொண்டுபோக ஒரு துணித் துண்டுக்கு வழியில்லையா, தேத்தே?"

சாயங்காலம் மிமின் போய்ச் சொல்லி, இறந்தவருக்காகத் தஹ்லீல் ஓத வந்த ஊர்ப் பெரியவர்கள் சிலரை வாசலில் நிறுத்தி, "எந்த வகை வீட்டைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டு, ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து மாதிரி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதில் இருவர், துக்கவீடு இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே என்று வியந்து, அங்கேயே உட்கார்ந்து யாசீன் ஓதிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே ரோக்காயா அலுவலகத்துக்குப் போனாள். ஏழு நாள் தஹ்லீலில் மீதி நாட்களுக்காவது ஊர் ஆட்களை உள்ளே விட வேண்டும் என்று கேட்பதற்காக.

பாசோ எழுந்து நின்று வரவேற்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்க கணவர் விலகினதுல நிர்வாகம் ரொம்ப வருத்தப்படுது, இபு. ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு. அவர் வாங்கினப்ப இருந்த விலையையும் விலகினப்ப இருந்த விலையையும் வெச்சுப் பார்த்தா, லாபத்துலதான் விலகியிருக்கார். எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும், சொல்லுங்க?"

ரோக்காயாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் வாய் தானாகப் பேசியது. "என் வீட்டுக்காரர் செத்துட்டார், பாக்."

மணி அடித்தது.

குனார்சோ தரையைப் பார்த்தபடி, "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், இபு" என்று முணுமுணுத்தார். அனுமதி வாங்காமல் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவள் மனத்தில் இருந்தது. எழுந்தாள். கைதட்டினாள். வளர்ச்சி என்றாள்.

"சத்தம் பத்தலை, இபு," என்றார் பாசோ கனிவாக. "இன்னொரு தடவை."

இன்னொரு தடவை தட்டினாள். அனுமதி கிடைக்கவில்லை. ஊர் ஆட்கள் கூட்டமாக வந்தால் பார்ப்பவர்களுக்குத் தவறான எண்ணம் வருமாம்.

வீட்டுக்கு வந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதால் கொஞ்சம் குறைந்துவிடும் என்று பயந்தாள். குறையக் கூடாது என்று நினைத்தாள்.

நூறாம் நாள் நெருங்கிய சமயத்தில் இரண்டாம் கட்ட விற்பனைக்குத் தொடக்க விழா அறிவித்தார்கள். வீடு காணும் விழாவுக்கு வந்த கூட்டம் பலூனோடு போய்விட்டதால் பாசோவுக்குக் கவலை. குடியிருப்புப் பெண்களின் அழகுக்குழுவைக் கூட்டினார். எப்போதும் வராத ரோக்காயா அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தாள். பொய் சொன்னால் பழி அவள் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் அவர்கள் தலையில்.

"சாலையில போறவங்க ஒருத்தர் விடாம உள்ள திரும்பி வரணும்," என்றார் பாசோ. "அதுக்கு என்ன செய்யலாம்?"

"கொடி கட்டலாம், பாக்," என்றாள் ரோக்காயா.

"என்ன நிறம்?"

"மஞ்சள். செண்பகத்தோட நிறம், பொன்னோட நிறம். சின்னதா, மூங்கில் குச்சியில. பெருஞ்சாலையிலேர்ந்து ஒவ்வொரு திருப்பத்துலயும்."

"எழுத்து போடலாமா? நம்ம பேரு?"

"வேண்டாம், பாக். எழுத்து இருந்தா விளம்பரம்னு நினைச்சுப் பேசாம போயிடுவாங்க. வெறும் மஞ்சளைப் பார்த்தா இந்தப் பக்கத்து ஜனங்க போக மாட்டாங்க. வண்டியை நிறுத்திட்டு உள்ள வந்துதான் ஆவாங்க. பெரியவங்க காலத்துலேர்ந்து அப்படித்தான்."

அழகுக்குழுவில் இருந்த மற்றப் பெண்கள் ரோக்காயாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அவர்கள் தெருக்களிலும் பூட்டிய வீட்டு வாசல்களில் சாடிகள் இருந்தன. ஒருத்தியின் பிள்ளை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். "நல்ல யோசனை," என்றாள் அவள்.

பாசோ பூரித்துப்போனார். மக்காசாரில் துக்கத்துக்குக் கட்டுவது வெள்ளைக் கொடி. மஞ்சளைப் பார்த்து அவருக்குப் பொன்தான் நினைவுக்கு வந்தது.

கூட்டம் முடிந்ததும் குனார்சோ இயக்குநரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"பாக், இந்தப் பக்கத்துல மஞ்சள் கொடின்னா ஒரு அர்த்தம் இருக்கு."

"என்ன அர்த்தம்?"

குனார்சோ மணியைப் பார்த்தார். "ஒருத்தர் முதலீட்டிலிருந்து விலகினா கட்டுறது, பாக்."

"லாபத்தோட விலகினாலா, நஷ்டத்தோடயா?"

"அது... அவரவர் செஞ்ச நன்மை தீமையைப் பொறுத்தது, பாக்."

"விலகினவங்க யாராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் வரலை, பாக்."

"அப்படீன்னா திருப்தியாத்தான் இருக்காங்க. நல்ல சகுனம்யா! இன்னும் நூறு கொடி சேர்த்துக் கட்டச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருஞ்சாலை முழுக்க மஞ்சள். திருப்பத்தில் மஞ்சள், பாலத்தில் மஞ்சள், ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் மஞ்சள். கட்டியவன் ஜுமாதி. கழற்றிய கைக்கு அது ஒரு பரிகாரம் என்று நினைத்தானோ என்னவோ, அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தான்.

முதலில் வந்தவை ஜகார்த்தாக்காரர்களின் கார்கள். அவர்களுக்கும் அந்தக் கொடி தெரியும். பாலம் வரைக்கும் வந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்தவர்கள் எண்ணிக்கை தப்பியதும் காரைத் திருப்பினார்கள். ஒரு குடும்பம் மட்டும் ஜன்னலை இறக்கி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, "எத்தனை பேர்?" என்று ஜுமாதியிடம் கேட்டது. "எல்லாருக்கும் இடம் இருக்கு, வாங்க" என்று, நிர்வாகம் சொல்லிக்கொடுத்தபடியே அவன் சொன்னான். கார் பறந்துவிட்டது.

பிறகு ஊர் வந்தது.

கறுப்புத் தொப்பி போட்ட ஆண்கள், வெள்ளை முக்காடு போட்ட பெண்கள், இடுப்பில் அரிசிப் பேசின்கள். மூன்று பள்ளிவாசல்களிலிருந்து மூன்று சந்தூக்குகள் வந்து பலூன் வளைவின் கீழ் வரிசையாக நின்றன. இத்தனை கொடிக்கு ஒன்று போதாது என்று ஒரு பெரியவர் நான்காவதற்கு ஆள் அனுப்பியிருந்தார்.

மேடையிலிருந்து பாசோ இந்தக் கடலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "வாடிக்கையாளர் அரிசியோட வர்றதை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை!" என்று குனார்சோவின் காதில் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பானவர்களே! உங்க முகத்துல தெரியுற அமைதியைப் பார்க்கிறேன். ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். இன்னைக்கோ நாளைக்கோ, எல்லாரும் இங்கதான் வரப்போறீங்க!"

"இன்னா லில்லாஹி," என்று, சாவு வீட்டில் சொல்வதைச் சொன்னது கூட்டம்.

"ஏழை பணக்காரன்னு பேதமே இல்லை. அவங்கவங்க வசதிக்கு ஏத்த அளவுல ஒரு மனை. பக்கத்துல இருக்கிறவங்க சத்தமே கேட்காது. ஒரு தடவை உள்ள வந்தவங்க யாரும் வெளிய போகணும்னு கேட்டதே கிடையாது!"

பின்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு உருக்கமா கபர்க்குழியைப் பத்திப் பேசுற இமாமை நான் கேட்டதே இல்லை," என்றார். "எந்த ஊருக்காரர்?"

"தாமதிக்காதீங்க! உங்க பிள்ளைங்க ஒரு நாள் உங்களுக்கு நன்றி சொல்வாங்க!"

"ஆமீன்," என்றது கூட்டம்.

அப்போதுதான் சுகாதார நிலையத்து வண்டி வந்து நின்றது. சாலையெல்லாம் கொடி என்று யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். புகை இயந்திரத்தை முதுகில் மாட்டிய ஆட்கள் மேடைக்கு ஓடிவந்தார்கள். "பாக், எங்கே அடிக்கணும்? கொசு எங்க இருக்கு?"

குனார்சோவின் கை பழக்கத்தில் மணியை அடித்துவிட்டது. இயந்திரக்காரன் அவரை முறைத்தான். ரோக்காயா எழுந்து நின்று, பூட்டிய வீடுகளின் வாசலைக் கைகாட்டினாள். "அந்தச் சாடியெல்லாம்."

"இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, இபு?"

"ஒருத்தர் சொன்னார்," என்றாள் ரோக்காயா.

புகை எழும்பியது. மாதிரி வீடும் பலூன் வளைவும் 'இரண்டாம் கட்டம்' என்ற பெரிய பலகையும் அதில் மறைந்தன. இருமிக்கொண்டே பாசோ கீழே இறங்கினார். வந்த பெரியவர்களில் மூத்தவர், "மய்யித்து எங்கே, பாக்? யாரு தவறினது?" என்று அவரைத்தான் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்," என்றாள் ரோக்காயா. "தபால் நிலையத்து சுஹார்ஜா. அடக்கம் பண்ணி நூறு நாள் ஆச்சு. அன்னைக்கு உங்கள்ல நிறையப் பேருக்குச் சேதி வரலை."

"நம்ம தபால்காரரா?" என்று பல குரல்கள் எழுந்தன. ஒருவரும் போகவில்லை. முதலீட்டாளர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து தஹ்லீல் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக ஆடி அசைந்து ஏறின. அந்த மதிலுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. முடிந்ததும் மிமின் முன்னால் நின்று, தொடக்க விழாவுக்கு வரவழைத்த சாப்பாட்டுப் பெட்டிகளை வரிசையாகக் கொடுத்தாள். "வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க. இயக்குநர் வீட்டுச் சாப்பாடு. கோழி நல்லா இருக்கு. அவருக்கு நன்மை சேரட்டும்."

ரோக்காயாவும் ஒரு பெட்டியைப் பிரித்தாள். நூறு நாளாகச் சோற்றில் உப்பு தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்தது.

பாசோ ஜுமாதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கழட்டுடா எல்லாத்தையும்! இப்பவே!"

ஜுமாதி அசையவில்லை. "முடியாது, பாக். கொடி கட்டின வீட்டுக்காரங்க சொல்லணும். இல்லேன்னா ஊர்ல இருக்க முடியாது."

"எந்த வீட்டுக்காரங்க?"

ஜுமாதி ரோக்காயாவைப் பார்த்தான். ஊரும் பார்த்தது. பாசோ மெதுவாக அவளிடம் வந்தார். புகையில் கண் சிவந்திருந்தது.

"இபு, கழட்டச் சொல்லுங்க. ஜகார்த்தாவிலேர்ந்து முதலாளி வந்துட்டிருக்கார்."

ரோக்காயா பெட்டியை மூடிக் கீழே வைத்தாள். "எதை, பாக்?"

"இந்தக் கொடியை."

"இது எதுக்குக் கட்டுற கொடி?"

"இது... முதலீட்டிலிருந்து விலகினவங்களுக்கு..."

"எனக்குப் புரியலை, பாக்."

பெருஞ்சாலைத் திருப்பத்தில் ஒரு கார் ஒலியெழுப்பியது. பாசோ அந்தப் பக்கம் பார்த்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"சாவுக்கு," என்றார்.

"யாரோட சாவுக்கு?"

அவருக்குப் பெயர் தெரியவில்லை. மூலை வீட்டு முதலீட்டாளர் என்றுதான் அவர் அறிவார். ஜுமாதி காதருகே குனிந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"சுஹார்ஜாவோட சாவுக்கு."

மணி அடித்தது. குனார்சோ இந்த முறை பழக்கத்தில் அடிக்கவில்லை. நன்றாகக் கையை ஓங்கி அடித்தார். அடித்துவிட்டுத் தரையைப் பார்க்கவில்லை, இயக்குநரைப் பார்த்தார். அலுவலக ஊழியர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஊருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், என்னவோ நடக்கப்போகிறது என்று பேச்சை நிறுத்தியது.

பாசோ கைதட்டினார். வளர்ச்சி என்றார். வளர்ச்சி, வளர்ச்சி.

"இன்னொரு தடவை, பாக்," என்றாள் ரோக்காயா. "சத்தம் பத்தலை."